பத்து மணிக்கு ரிசல்ட்: முதல்முறை லோட் டெஸ்ட் செய்பவர்களுக்கு

"அண்ணா, சர்வர்ல சிபியு பதினஞ்சு பர்சென்ட்தான் ஓடுது. மெமரியும் பாதி காலி. ஆனா சைட் மட்டும் திறக்க மாட்டேங்குது."

ஒரு கல்லூரிக்கு நாங்கள் செய்துகொடுத்த ரிசல்ட் பக்கம் அது. காலை பத்து மணிக்கு முடிவு வெளியானது. பத்தேகாலுக்கு எங்கள் ஜூனியர் பையன் போனில் சொன்னதுதான் மேலே இருப்பது. முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் ஐந்து பேரும் அவரவர் லேப்டாப்பில் திறந்து பார்த்திருந்தோம். தட்டியதும் வந்தது. அதையே சோதனை என்று நம்பிவிட்டோம்.

அன்று உள்ளே என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடித்தது, ஒரு வாரம் கழித்து நாங்கள் செய்த லோட் டெஸ்ட்தான். (கூட்டம் வருவது போல ஒரு கருவியால் ரிக்வெஸ்டுகளை அனுப்பி, சைட் தாங்குகிறதா என்று பார்ப்பது.) முடிவு வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. அந்தப் பக்கத்தையே உதாரணமாக வைத்து, முதல் லோட் டெஸ்டை எப்படித் திட்டமிடுவது, எப்படி ஓட்டுவது, மெதுவாக இருக்கும் இடத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன். எங்களுடையது ஜாவாவில் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். நீங்கள் பைதானிலோ நோடிலோ எழுதியிருந்தால் பெயர்கள்தான் மாறும்.

முதலில் ஒரு கணக்கு

"இந்த சைட் எத்தனை யூசரைத் தாங்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பக்கத்தைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகிறவரும் ஒரு யூசர்தான். ரிஃப்ரெஷ் பட்டனை விடாமல் தட்டுகிறவரும் ஒரு யூசர்தான். நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் வரும் என்று கேட்டால் கணக்குப் போடலாம்.

எங்கள் கணக்கு இப்படி: 6,000 மாணவர்கள். பாதிப் பேர் முதல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். ஒருவருக்கு நான்கு ரிக்வெஸ்ட்: முகப்பு இரண்டு முறை, ரிசல்ட் இரண்டு முறை. (படம், ஸ்டைல் ஃபைல் எல்லாம் சேர்க்கவில்லை, அவற்றை என்ஜின்எக்ஸே கொடுத்துவிடும்.) ஆக 3,000 பேருக்கு 12,000 ரிக்வெஸ்ட். 300 நொடியால் வகுத்தால் நொடிக்கு 40. ஆனால் கூட்டம் சீராக வராது, முதல் நிமிடத்தில்தான் முண்டியடிக்கும். அதனால் மூன்று மடங்கு வைத்து நொடிக்கு 120. போன வருடத்து ஆக்சஸ் லாக் கையில் இருந்தால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை. அதில் அதிகக் கூட்டம் இருந்த நிமிடத்தை எடுத்து, நொடிவாரியாக எண்ணிவிடுங்கள்.

அடுத்து, "தேறியது" என்றால் என்ன என்பதை ஒரு வரியில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் சரி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வரி: நொடிக்கு 120 ரிக்வெஸ்ட் வரும்போது நூற்றில் 95 ரிக்வெஸ்ட் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும், பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வரி இல்லாமல் டெஸ்ட் ஓட்டினால், முடிந்த பிறகு "இது வேகமா, மெதுவா" என்று ஒரு மணி நேரம் மீட்டிங் நடக்கும்.

எங்கே வைத்து அடிப்பது

ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்ஷனில், அதாவது மக்கள் பயன்படுத்தும் நிஜ சர்வரில் வேண்டாம். அதே அளவு மெஷின், அதே செட்டிங் உள்ள ஸ்டேஜிங் (சோதனைக்கான நகல் சர்வர்) ஒன்று வேண்டும். முக்கியமாக டேட்டா அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 200 வரிசை உள்ள டேபிளில் எந்த மோசமான குவெரியும் பறக்கும். 2 லட்சம் வரிசையில்தான் அதன் சாயம் வெளுக்கும். புரொடக்ஷன் டேட்டாவைக் காப்பி எடுப்பதானால் பெயர், போன் நம்பர், பிறந்த தேதியை மாற்றிவிட்டு எடுங்கள்.

எஸ்எம்எஸ், பேமெண்ட், இமெயில் போன்ற வெளிச் சேவைகளுக்குப் பதிலாக ஒரு போலிச் சேவையை வையுங்கள். இல்லையென்றால் நடுராத்திரியில் ஆயிரக்கணக்கான பேருக்கு "உங்கள் முடிவு தயார்" என்று மெசேஜ் போய்விடும், பில்லும் வரும். அந்தப் போலிச் சேவை, உண்மையான சேவை எடுக்கும் அதே நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது அவசியம். உடனே பதில் சொல்லும் போலி, கோளாறை மறைத்துவிடும். ஏன் என்பது கீழே வரும்.

லோடு அனுப்பும் மெஷின் தனியாக இருக்கட்டும். சர்வர் இருக்கும் அதே மெஷினில் டெஸ்ட் கருவியையும் ஓட்டினால் இரண்டும் சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும். ஆபீஸ் வைஃபையில் லேப்டாப்பிலிருந்து ஓட்டினால் நீங்கள் அளப்பது வைஃபையை. இன்னொன்று: அனுமதி இல்லாமல் அடுத்தவர் சைட்டில் லோட் டெஸ்ட் ஓட்டுவது தாக்குதல்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது. உங்கள் சொந்த சைட் ஆனாலும் கிளவுட் நிறுவனத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கருவியும் ஸ்கிரிப்டும்

அப்பாச்சி பெஞ்ச் ஒரே ஒரு யூஆர்எல்லைத் தட்டிப் பார்க்கப் போதும். ஜேமீட்டர் பழுத்த கருவி, எதையும் செய்யும். ஆனால் அதன் ஜன்னல் திரையை டெஸ்ட் எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஓட்டுவதைக் கமாண்ட் லைனில் செய்யுங்கள். பைதான் தெரிந்தவர்களுக்கு லோகஸ்ட் பிடிக்கும். புதியவர் கையில் நான் கொடுப்பது கே6. ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், உள்ளே இருக்கும் எஞ்சின் கோ மொழியில் எழுதியது என்பதால் ஒரு சாதாரண மெஷினிலிருந்தே நிறைய லோடு அனுப்ப முடியும். நாம் மேலே எழுதிய அந்தத் தேர்ச்சி வரியை அதிலேயே "திரெஷோல்டு" என்று கொடுத்துவிடலாம். தாண்டினால் டெஸ்ட் ஃபெயில் என்று அதுவே சொல்லும்.

எந்தக் கருவியானாலும் ஸ்கிரிப்டில் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் வேறு வேறு பதிவு எண் போக வேண்டும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த ஒரு வரிசை கேஷில் (தற்காலிக நினைவில்) சூடாக உட்கார்ந்திருக்கும், எல்லாம் அருமையாகத் தெரியும். ஒரு சிஎஸ்வி ஃபைலில் சில ஆயிரம் எண்களைப் போட்டு அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மனிதர்கள் யோசிக்கும் நேரத்தையும் வையுங்கள். முகப்புப் பக்கம் வந்ததும் யாரும் ஒரு மில்லிசெகண்டில் பதிவு எண்ணை அடித்து முடிப்பதில்லை.

மூன்றாவதில்தான் நானே ஏமாந்திருக்கிறேன். என் முதல் டெஸ்டில் எல்லா ரிக்வெஸ்டுக்கும் 200 ("சரி" என்ற ஸ்டேட்டஸ் எண்) வந்தது, ஒரு பிழைகூட இல்லை, வேகமும் பிரமாதம். சந்தேகப்பட்டு ஒரு ரெஸ்பான்ஸைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது லாகின் பக்கம். குக்கீ சரியாகப் போகாததால் சர்வர் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் லாகினுக்குத் திருப்பியிருக்கிறது. கே6 அந்தத் திருப்பலைத் தானே பின்தொடர்ந்துபோய் 200 என்று எழுதிவைத்திருக்கிறது. அரை நாள் லாகின் பக்கத்தை அளந்திருக்கிறேன்! அதனால் ஸ்டேட்டஸ் எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்துக்குள் "மொத்த மதிப்பெண்" என்ற சொல் இருக்கிறதா என்று செக் வையுங்கள்.

பஸ் வந்து நிற்கும் டீக்கடை

டெஸ்ட் கருவிகள் பழக்கமாக "இத்தனை மெய்நிகர் யூசர்" என்றுதான் கேட்கும். 50 என்று கொடுத்தால் 50 பேர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்: கேட்பார்கள், பதில் வரும்வரை காத்திருப்பார்கள், மறுபடி கேட்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் மெதுவானால் இவர்களும் மெதுவாகிவிடுவார்கள். அதாவது சர்வர் திணறும்போது நம் கருவி தானாக லோடைக் குறைத்து அதற்கு உதவி செய்கிறது.

நிஜம் அப்படி இல்லை. டீக்கடை முன்னால் பஸ் வந்து நின்று நாற்பது பேர் இறங்குகிறார்கள். மாஸ்டர் வேகமா மெதுவா என்று பார்த்து அவர்கள் இறங்குவதில்லை. அடுத்த பஸ்ஸும் நேரத்துக்கு வரும். காத்திருந்தவர்களின் நேரத்தைச் சரியாக அளக்காமல் விட்டுவிடும் இந்தத் தவறுக்கு கில் டேனே என்பவர் "கோஆர்டினேட்டட் ஒமிஷன்" என்று பெயர் வைத்தார். கே6-இல் இதற்கு வழி இருக்கிறது: "கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்" அல்லது "ராம்பிங் அரைவல் ரேட்" என்ற எக்சிக்யூட்டரைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு எத்தனை வர வேண்டும் என்று சொல்லிவிடலாம். சர்வர் என்ன ஆனாலும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசி ரிப்போர்ட்டில் "டிராப்ட் இட்டரேஷன்ஸ்" என்று ஒரு எண் வந்தால், கேட்ட அளவை அதனால் அனுப்ப முடியவில்லை, யூசர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று பொருள்.

படிப்படியாக ஏற்றுவது

முதலில் ஒரே ஒரு யூசர், ஒரு நிமிடம். ஸ்கிரிப்ட் சரியா என்று பார்க்க மட்டும். இதிலேயே பக்கம் மூன்று நொடி எடுத்தால் லோட் டெஸ்டே தேவையில்லை, போய் புரோகிராம் கோடைப் பாருங்கள்.

அப்புறம் நொடிக்கு 20, 40, 80, 120 என்று படிக்கட்டு போல ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எடுத்த எடுப்பில் 120 அடித்துச் சாய்த்துவிட்டால், சாய்ந்தது தெரியும், எங்கே சாயத் தொடங்கியது என்று தெரியாது. படிகள் தேறிய பிறகு, சும்மா இருக்கும் சர்வரில் திடீரென்று 120 அடித்துப் பாருங்கள். பத்து மணி ரிசல்ட் அப்படித்தான் வரும். மெமரி கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ராத்திரி முழுக்க மிதமான லோடில் ஓடவிடுவதும் உண்டு.

ரிப்போர்ட் வந்ததும் சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். நூறு ரிக்வெஸ்டில் 95 பேருக்கு 0.2 நொடி, 5 பேருக்கு 10 நொடி என்றால் சராசரி 0.69 நொடி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 0.69 நொடி யாருக்குமே கிடைக்கவில்லை. பி50, பி95, பி99 என்ற வரிகளைப் படியுங்கள். பி99 இரண்டு நொடி என்றால், நூற்றில் 99 ரிக்வெஸ்ட் இரண்டு நொடிக்குள் முடிந்தது, ஒன்று அதற்கும் மேலே போனது.

இன்னொரு அடையாளம் இன்னும் முக்கியம். நாம் அனுப்புவது ஏறிக்கொண்டே போகிறது, முடிந்து வெளியே வருவது ஒரு எண்ணில் நின்றுவிடுகிறது, பதில் நேரம் மட்டும் ஏறுகிறது என்றால், உள்ளே எங்கோ க்யூ நிற்கிறது. அந்த க்யூ நிற்கும் இடத்தைத் தேடுவதுதான் இனி நம் வேலை.

க்யூ எங்கே நிற்கிறது

எங்கள் டெஸ்டில் 80 வரை எல்லாம் சுகம். 120-க்கு ஏற்றியதும் வெளியே வந்தது 80-இல் நின்றது. சரியாக மூன்று நிமிடத்தில் 504 பிழை கொட்டத் தொடங்கியது. ரிசல்ட் அன்று நடந்தது அப்படியே திரும்ப வந்தது. கோளாறை நம் இஷ்டத்துக்கு வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெளியிலிருந்து உள்ளே போவது என் வழக்கம். முதலில் லோடு அனுப்பும் மெஷினையே சந்தேகப்படுங்கள். அதன் சிபியு முழுசாக ஓடினால் ரிப்போர்ட்டில் உள்ள எதையும் நம்ப முடியாது. அது சும்மா இருந்தால் அடுத்தது என்ஜின்எக்ஸ் லாக். அதன் லாக் வடிவத்தில் "ரிக்வெஸ்ட் டைம்", "அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்" என்ற இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாமதம் பின்னால் இருக்கும் அப்ளிகேஷனில். முதலாவது மட்டும் பெரிதாக இருந்தால் பார்ப்பவரின் நெட் மெதுவாக இருக்கலாம். பிழை எண்களும் பேசும். 502 என்றால் பெரும்பாலும் அப்ளிகேஷன் விழுந்துவிட்டது அல்லது கனெக்ஷனை ஏற்கவில்லை. 504 என்றால் உயிரோடு இருக்கிறது, ஆனால் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. என்ஜின்எக்ஸ் பழக்கமாக 60 நொடி காத்திருக்கும். 499 என்றால் பார்ப்பவரே பொறுமை இழந்து போய்விட்டார். ரிசல்ட் அன்று எங்கள் லாகில் 499 ஏராளம். பையன்கள் ரிஃப்ரெஷ் தட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் பழைய ரிக்வெஸ்டையும் சர்வர் விடாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது, கேட்க ஆள் இல்லாமலேயே.

எங்களுக்கு வந்தது 504, அப்ளிகேஷன் சிபியு 15 சதவீதம். சிபியு சும்மா இருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை என்றால், புரோகிராம் வேலை செய்யவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்று தெரிந்துகொள்ள ஜாவாவில் த்ரெட் டம்ப் எடுக்கலாம். ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாள்) அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல் அது. ஜேஸ்டாக் என்ற கமாண்ட் போதும். பத்து நொடி இடைவெளியில் மூன்று எடுத்தோம். ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் சர்வரான டாம்கேட்டில் பழக்கமாக 200 த்ரெட் இருக்கும். மூன்று டம்பிலும் 190 த்ரெட் ஒரே வரியில் நின்றன: கனெக்ஷன் பூலில் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் தயாராக வைத்திருக்கும் தொகுப்பு) ஒரு கனெக்ஷன் கேட்டுக் காத்திருக்கின்றன.

பூலில் எத்தனை? நாங்கள் எதையும் மாற்றவில்லை; ஸ்பிரிங் பூட் பயன்படுத்தும் ஹிகாரி பூலின் இயல்பு அளவு 10. முகப்புப் பக்கத்துக்கு டேட்டாபேஸே வேண்டாம், ஆனாலும் அது ஏன் திறக்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. இருந்த எல்லா த்ரெட்டையும் ரிசல்ட் ரிக்வெஸ்டுகள் பிடித்துவைத்துக்கொண்டால் முகப்பைக் கொடுக்க ஆள் ஏது?

இந்த இடத்தில் "சரி, பூலை 100 ஆக்கு" என்று ஒருவர் சொல்வார். எங்கள் டீமிலும் சொன்னார், செய்தோம். அப்ளிகேஷன் சர்வர் இரண்டாக்கி ஒவ்வொன்றிலும் 100 கேட்டதும், டேட்டாபேஸ் "சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி" என்று கதவைச் சாத்தியது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது மொத்தமே 100 கனெக்ஷன். பழையபடி ஒரே சர்வர், 10 கனெக்ஷன் என்று மாற்றிவிட்டு யோசித்தோம்.

1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இங்கே கைகொடுக்கும். ஒரு இடத்துக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், நொடிக்கு வருபவர்களை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு ரிசல்ட் ரிக்வெஸ்ட் கனெக்ஷனை 250 மில்லிசெகண்ட் வைத்திருந்தது. ஆக 10 கனெக்ஷனில் நொடிக்கு 40 ரிசல்ட்தான் வெளியே வரும், அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் வராது. 120-இல் பாதி ரிசல்ட், அதாவது 60. நொடிக்கு 20 பேர் தேங்குகிறார்கள். இரண்டு நிமிடத்தில் 2,400 பேர். நொடிக்கு 40 வீதம் தீர்க்க 60 நொடி. அப்போது வந்தவர் என்ஜின்எக்ஸின் 60 நொடியும் காத்திருந்து, மூன்று நிமிடம் ஆகும்போது 504 வாங்குவார். 504 ஏன் மூன்று நிமிடத்தில் தொடங்கியது என்பதற்கு விடை இதிலேயே வந்துவிட்டது. இந்த மாதிரி கணக்கும் கண்டதும் ஒத்துப்போனால்தான் காரணத்தைப் பிடித்துவிட்டோம் என்று நம்புவேன்.

250 மில்லிசெகண்ட் எதற்கு? டெஸ்ட் ஓடும்போதே போஸ்ட்கிரெஸில் "பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி" என்ற வியூவைப் பார்த்தோம். பத்தில் இரண்டு கனெக்ஷன்தான் "ஆக்டிவ்". மீதி எட்டும் "ஐடில் இன் டிரான்சாக்ஷன்": டிரான்சாக்ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் கட்டு) திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. கோடைப் பார்த்தால், ரிசல்டை எடுத்ததும் மாணவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வரி டிரான்சாக்ஷனுக்கு உள்ளேயே இருந்தது. அதற்கு 200 மில்லிசெகண்ட். குவெரிக்கு 50. போலி எஸ்எம்எஸ் சேவை உண்மையான நேரத்தை எடுக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

எஸ்எம்எஸ்ஸை ஒரு க்யூவில் போட்டுவிட்டு, பின்னால் தனியாக அனுப்பும்படி மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை. ஒரு மாற்றம், ஒரு டெஸ்ட். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மறுபடி ஓட்டினோம். 120 தேறியது.

ஆனால் டேட்டாபேஸ் மெஷினின் நான்கு சிபியு கோரும் இப்போது 75 சதவீதத்தில் ஓடின. ஒரு அடைப்பை எடுத்தால் அடுத்த அடைப்பு வெளியே வரும். 60 ரிசல்ட், ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிசெகண்ட் சிபியு என்றால் மூன்று கோர். கூட்டம் கொஞ்சம் கூடினாலே நான்கும் தீரும். ஒரே ஒரு மாணவரின் மார்க்கை எடுக்க 50 மில்லிசெகண்டா? பதிவு எண்ணில் இண்டெக்ஸ் (வரிசையை நேராகத் தேடிப் போக உதவும் அட்டவணை) இருக்கிறதே! குவெரிக்கு முன்னால் "எக்ஸ்பிளெயின் அனலைஸ்" போட்டுப் பார்த்தோம். "செக் ஸ்கேன்" என்று வந்தது, அதாவது டேபிளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது. கீழே "ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்: 199999". ஒரு வரிசைக்காக 2 லட்சம் வரிசையைப் புரட்டுகிறது. காரணம் என்னவென்றால், யாரோ சின்ன எழுத்தில் பதிவு எண்ணை அடித்தாலும் கிடைக்கட்டும் என்று, குவெரியில் பதிவு எண் நெடுவரிசையின் பெயரை, பெரிய எழுத்தாக மாற்றும் "அப்பர்" ஃபங்ஷனுக்குள் போட்டிருந்தார்கள். நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போட்டால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. வரும் எண்ணைக் கோடிலேயே பெரிய எழுத்தாக்கிவிட்டு, குவெரியிலிருந்து அப்பரை எடுத்தோம். 50 மில்லிசெகண்ட் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பூல் இன்றைக்கும் பத்துதான்.

அடிக்கடி மாட்டும் மற்றவை

எல்லா வழக்கும் பூலில் முடியாது. ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் குவெரி போகிறதென்றால், பட்டியலை ஒருமுறை எடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் மறுபடி டேட்டாபேஸுக்குப் போகும் லூப் எங்கோ இருக்கிறது. ஓஆர்எம் (குவெரியைத் தானே எழுதித் தரும் லைப்ரரி) பயன்படுத்துபவர்கள் இதில் மாட்டாமல் இருந்ததில்லை. போஸ்ட்கிரெஸில் "பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ்" எக்ஸ்டென்ஷனைப் போட்டு, மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு குவெரி வேகமாகவே இருக்கும், லட்சம் முறை ஓடியிருக்கும். மைஎஸ்கியூஎல் என்றால், மெதுவான குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ லாகைத் திறந்துவிடுங்கள். அதன் இயல்பு வரம்பு 10 நொடி, நமக்கு அது ரொம்ப அதிகம், குறைத்து வையுங்கள்.

அப்ளிகேஷன் சிபியு முழுசாக ஓடினால், எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் புரொஃபைலரை எடுத்து, அது வரையும் ஃபிளேம் கிராஃப் படத்தைப் பாருங்கள். அகலமான பட்டைதான் நேரத்தைத் தின்பது. சில நொடிக்கு ஒருமுறை எல்லா ரிக்வெஸ்டும் சேர்ந்து நின்று போனால் கார்பேஜ் கலெக்ஷன் (வேண்டாத மெமரியைக் காலி செய்யும் வேலை) லாகைத் திறங்கள். டீபக் லாக் திறந்தே கிடப்பதும் உண்டு, டிஸ்க் அதிலேயே திணறும்.

ரிசல்ட் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது, அடுத்த முறை நாங்கள் செய்தது அதுதான். மார்க் ஒருமுறை வெளியானால் மறுமதிப்பீடு வரை மாறாது. பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போக வேண்டும்? முந்தின ராத்திரியே 6,000 பக்கத்தையும் எச்டிஎம்எல் ஃபைலாக எழுதிவைத்தோம். காலையில் என்ஜின்எக்ஸ் அவற்றை அப்படியே எடுத்துக் கொடுத்தது. ஃபைல் பெயராகப் பதிவு எண்ணை மட்டும் வைத்துவிடாதீர்கள். வரிசையாக எண்ணை மாற்றி மாற்றி வகுப்பு முழுவதன் மார்க்கையும் ஒரே ஆள் பார்த்துவிடுவார். பதிவு எண், பிறந்த தேதி, சர்வருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவி மூன்றையும் சேர்த்த ஹாஷை (ஊகிக்க முடியாத எழுத்துக் கோவை) பெயராக வையுங்கள். பத்து மணிக்கு முன்னால் அந்த ஃபோல்டர் வெளியே தெரியாமல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பிரௌசரில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.